மூச்சைக் காக்கும் கூட்டுப் பொறுப்பு

முழு மயக்கம் கொடுக்கப்படும் நோயாளி பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானாக மூச்சுவிடுவதை நிறுத்திவிடுகிறார். அதன்பின் அவருக்காக மயக்கவியல் மருத்துவர்தான் மூச்சுவிட வேண்டும். முகமூடி வழியாகவோ, தொண்டைக்குள் செலுத்தும் குழாய் வழியாகவோ ஆக்ஸிஜன் நுரையீரலை எட்டியாக வேண்டும். முன்கூட்டியே நன்றாக ஆக்ஸிஜன் ஏற்றப்பட்ட, 70 கிலோ எடையுள்ள ஆரோக்கியமான ஒருவருக்கு, இரத்த ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதமாகக் குறைவதற்கு ஏறத்தாழ எட்டு நிமிடம் ஆகும். 127 கிலோ எடையுள்ளவருக்கு அந்த நிலை மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடும். அமெரிக்க மயக்கவியல் அறிஞர் ஜொனாதன் பெனுமோஃபும் அவருடைய சகாக்களும் 1997இல் வெளியிட்ட கணக்கு இது. இந்த ஐந்து நிமிட வித்தியாசத்தை நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

காரணம் உடலின் அமைப்பிலேயே இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் தங்கியிருக்கும் காற்றுதான், மூச்சு நின்ற நேரத்தில் உடலுக்குக் கையிருப்பு. பருத்த உடலில் அந்தக் கையிருப்பு குறைவு, செலவோ அதிகம். கழுத்தைச் சுற்றியும் நாக்கின் அடியிலும் சேர்ந்திருக்கும் கொழுப்பு, தசைகள் தளர்ந்ததும் காற்றுப் பாதையை அடைக்கிறது. முகமூடியை இறுகப் பிடித்து மூச்சு கொடுப்பது கடினமாகிறது. கழுத்தின் முன்புறம் வெட்டி அவசர வழி ஏற்படுத்தும் நிலை வந்தால், அந்த இடத்தைக் கைவிரலால் தடவிக் கண்டறிவதே சிரமம். ஒவ்வொன்றும் தனியாக வந்தால் தேர்ந்த மருத்துவரால் சமாளிக்க முடியும். எல்லாம் சேர்ந்து, மூன்று நிமிடத்துக்குள் வரும்போதுதான் சிக்கல்.

தமிழ்நாட்டுக்கு இது எங்கோ நடக்கும் விஷயம் அன்று. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21), இம்மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் உடல் நிறைக் குறியெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். அதற்கு முந்தைய சுற்றில் (2015–16) இந்த அளவு பெண்களுக்கு 30.9, ஆண்களுக்கு 28.2. நான்கைந்து ஆண்டுகளில் ஏற்பட்ட உயர்வு இது. ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: இந்த 40 சதவீதத்தினரும் மயக்க மருந்தால் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று பொருளில்லை. குறியெண் 26 உள்ள பெரும்பாலோர் எந்தச் சிரமமும் இன்றி அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறார்கள். ஆனால் கூட்டம் பெருகும்போது அதன் விளிம்பில் இருக்கும் மிகைப் பருமனானவர்களின் எண்ணிக்கையும் பெருகும். பித்தப்பைக் கல், குடலிறக்கம், கர்ப்பப்பை நீக்கம் என்று அறுவை அரங்குக்கு வருபவர்களில் அவர்கள் இப்போது அபூர்வமானவர்கள் அல்லர்.

இந்த விஷயத்தில் இரண்டு தரப்பினரின் மனக்குறையும் காதில் விழுகிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

பருத்த உடல் கொண்டவர்கள் சொல்வது இது. எந்த நோய்க்கு மருத்துவமனை போனாலும் முதலில் எடையைப் பற்றித்தான் பேச்சு. காது வலிக்குப் போனாலும் எடை, கண்ணுக்குப் போனாலும் எடை. அறுவை சிகிச்சை என்றால் “ரிஸ்க் அதிகம், வேறு இடம் பாருங்கள்” என்ற பதில். அரங்கில் படுக்க வைக்கும்போது ஊழியர்களின் முகச்சுளிப்பையும் தாங்க வேண்டியிருக்கிறது. இந்த அவமானத்துக்கு அஞ்சியே பலர் சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறார்கள். கடைசியில் அவசர நிலையில் வந்து சேர்கிறார்கள். திட்டமிட்டுச் செய்ய வேண்டியதை நள்ளிரவில் அவசரமாகச் செய்ய நேரும்போது ஆபத்து இன்னும் கூடுகிறது.

மயக்கவியல் மருத்துவர்களின் தரப்பு வேறு. நோயாளி அவர்களைத் தேடி வருவதில்லை. அறுவை மருத்துவரைத் தேடி வருகிறார். தேதி குறித்து, அறை ஒதுக்கி, உறவினர்களெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, அரங்கின் வாசலில்தான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அப்போது “இன்று வேண்டாம், இன்னும் இரண்டு பரிசோதனை செய்ய வேண்டும்” என்று சொன்னால் எல்லோருக்கும் கோபம். சொல்லாமல் இறங்கி ஏதேனும் நேர்ந்துவிட்டால் வழக்கு, முற்றுகை, சில நேரம் அடி. எல்லாம் நன்றாக முடிந்தால் நோயாளிக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. இந்த நிலையில் இருப்பவர் எச்சரிக்கையாக ஒதுங்கிக்கொள்வதைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

இவ்விரண்டு தரப்பும் சந்திக்கக்கூடிய இடத்தை அறிவியலே காட்டுகிறது. எடை அதிகம் என்பதாலேயே குழாய் போடுவது கடினமாகிவிடாது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜே பிராட்ஸ்கியும் சகாக்களும் மிகைப் பருமனான 100 பேரிடம் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், மொத்த எடைக்கும் குழாய் போடும் சிரமத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. கழுத்துச் சுற்றளவுக்குத்தான் தொடர்பு இருந்தது. கழுத்து 40 சென்டிமீட்டராக இருந்தால் சிரமம் நேர 5 சதவீத வாய்ப்பு, 60 சென்டிமீட்டர் என்றால் 35 சதவீதம். இடுப்பிலும் தொடையிலும் சதை சேர்ந்தவரைவிட, கழுத்திலும் வயிற்றிலும் சேர்ந்தவருக்கே கவனம் கூடுதலாகத் தேவை. ஒரு தையற்காரரின் அளவு நாடா சொல்லக்கூடிய தகவல் இது.

இன்னொரு சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. நோயாளியை உட்கார வைத்து, வாயை நன்றாகத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கும் அண்ணமும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பது. ஆந்திரத்தில் பிறந்து, பாஸ்டனில் பணியாற்றிய டாக்டர் சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் வெளியிட்ட முறை அது. இன்று உலகெங்கும் மயக்கவியல் மருத்துவர்கள் அவர் பெயரையே சொல்லித் தரம் பிரிக்கிறார்கள். தனியாக எடுத்தால் இதுவும் முழுமையான சோதனை அன்று. கழுத்தளவு, வாய் திறக்கும் அகலம், கழுத்தை மடக்கி நிமிர்த்தும் திறன், குறட்டை பற்றிய விவரம் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஓரளவு தெளிவு கிடைக்கும். இவை அனைத்தும் முதல் நாளே, நிதானமாக, நோயாளியோடு பேசிச் செய்ய வேண்டியவை.

அப்படிச் செய்யாதபோது என்ன ஆகிறது என்பதை பிரிட்டன் வெளிப்படையாகத் தொகுத்து வைத்திருக்கிறது. அங்குள்ள அரச மயக்கவியல் கல்லூரியும் கடினச் சுவாசப்பாதைச் சங்கமும் இணைந்து, 2008 செப்டம்பரிலிருந்து ஓராண்டு காலம், பொதுச் சுகாதாரச் சேவையின் 309 மருத்துவமனைகளிலும் மூச்சுப் பாதை தொடர்பான கடும் விபத்துகளைத் திரட்டின. 2011இல் வெளியான நான்காம் தேசியத் தணிக்கை அறிக்கை அது. ஆண்டுக்குச் சுமார் 29 லட்சம் முழு மயக்கங்களில், மயக்கத்தின்போது நேர்ந்த கடும் விபத்துகள் 133, அவற்றால் இறப்பு 16. மொத்தத்தில் பார்த்தால் முழு மயக்கம் மிகப் பாதுகாப்பானது என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. அச்சத்தோடு இதைப் படிப்பவர்கள் அதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த விபத்துகளுக்கு உள்ளானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பேர் பருமனானவர்கள். பருமனானவர்களுக்கு ஆபத்து இருமடங்கு, மிகைப் பருமனானவர்களுக்கு நான்கு மடங்கு என்று அறிக்கை கணித்தது. அதைவிட முக்கியமானது, ஆய்வாளர்கள் சுட்டிய காரணங்கள். சிரமம் வரும் என்று தெரிந்தும் அதற்கேற்பத் திட்டத்தை மாற்றாதது. முதல் முயற்சி தோற்றால் அடுத்தது என்ன என்று முன்பே பேசி வைக்காதது. ஒரே முறையைத் திரும்பத் திரும்ப முயன்று தொண்டையைப் புண்ணாக்கியது. விழித்திருக்கும்போதே தொண்டையை மரத்துப்போகச் செய்து குழாய் செலுத்தும் முறை பொருத்தமாக இருந்தும் அதைத் தவிர்த்தது. நோயாளியின் பருமன் பின்னணியாக இருந்தாலும், இவற்றில் பெரும்பகுதி தயாரிப்புக் குறைவால் வந்தது. தயாரிப்பு நம் கையில் இருப்பது என்பதால், இந்த அறிக்கையில் எனக்கு அச்சத்தைவிட நம்பிக்கையே கூடுதலாகத் தெரிகிறது.

தயாரிப்பு என்றால் விலையுயர்ந்த கருவிகள் மட்டும் என்றும் நினைக்க வேண்டியதில்லை. நோயாளியைத் தட்டையாகப் படுக்க வைக்காமல், மடித்த விரிப்புகளையோ தலையணைகளையோ தோளுக்கும் தலைக்கும் அடியில் அடுக்கி, காதுத் துளையும் மார்பெலும்பின் மேற்குழியும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை உயர்த்துவது ஓர் எளிய முறை. குரல்வளை கண்ணுக்குத் தெரிவது இதனால் எளிதாகிறது. ஆஸ்திரேலியாவில் 2005இல் வெளியான ஆய்வொன்று, தலைப்பக்கத்தை 25 பாகை உயர்த்தி ஆக்ஸிஜன் கொடுத்தபோது மிகைப் பருமனானவர்களுக்குச் சராசரியாகச் சுமார் 46 விநாடி கூடுதல் அவகாசம் கிடைத்ததாகக் காட்டியது. மூன்று நிமிடமே கையில் உள்ள இடத்தில் 46 விநாடி பெரிய கொடை. குழாய் போடும் நேரத்திலும் மூக்கு வழியாக ஆக்ஸிஜனைத் தொடர்ந்து செலுத்துவது இன்னொரு வழி. இந்தியச் சூழலுக்கென்று அகில இந்தியக் கடினச் சுவாசப்பாதைச் சங்கம் 2016இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதை வலியுறுத்துகின்றன. குழாய் போடும் முயற்சிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு விதிக்கின்றன. அறிவு நம்மிடம் இருக்கிறது. அது திருநெல்வேலியில் ஒரு சிறு மருத்துவமனையின் அரங்கு வரை போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி.

முழு மயக்கத்தைத் தவிர்த்து, முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யலாமே என்று கேட்பார்கள். முடிந்த இடத்தில் அது நல்ல வழிதான். சிசேரியன்களில் பெரும்பாலானவை அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் பருத்த முதுகில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதும் எளிதன்று. பாதியில் மரப்பு போதாமல் முழு மயக்கத்துக்கு மாற நேர்ந்தால், எந்தத் தயாரிப்பும் இல்லாமல் அதே மூன்று நிமிடத்தைச் சந்திக்க வேண்டிவரும். ஆகவே எந்த முறையைத் தேர்ந்தாலும் மூச்சுப் பாதைக்கான தயாரிப்பு உடனிருக்க வேண்டும்.

இனி, எளிதில் தீராத ஒரு விவாதத்துக்கு வருவோம். மிகைப் பருமனானவர்களுக்கான அறுவை சிகிச்சையைப் பெரிய மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கிவிடலாமா? ஒதுக்க வேண்டும் என்போர், குரல்வளையைத் திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப், தீவிர சிகிச்சைப் பிரிவு, கனமான உடலைத் தாங்கும் மேசை, உதவிக்கு இரண்டாவது மயக்கவியல் மருத்துவர் ஆகியவை அங்கேதான் உள்ளன என்கிறார்கள். சரியான வாதம். மறுப்போர், எல்லோரையும் சென்னைக்கும் மதுரைக்கும் கோவைக்கும் அனுப்பினால் அங்குக் காத்திருப்போர் வரிசை நீளும், ஏழைக் குடும்பத்துக்குப் பயணமும் தங்கலும் சுமையாகும், வழியிலேயே நிலைமை மோசமாகலாம் என்கிறார்கள். அதுவும் சரி.

எடையை மட்டும் வைத்துக் கோடு போடாமல், நோயாளியின் முழு நிலையையும் வைத்து முடிவெடுப்பது இரு தரப்புக்கும் ஏற்கத்தக்கது என்று நினைக்கிறோம். கழுத்து தடித்து, இரவில் மூச்சுத் திணறி எழுந்து, வாய் சரியாகத் திறக்காத ஒருவரின் அவசரமில்லாத அறுவை சிகிச்சை பெரிய மையத்தில் நடப்பது நியாயம். அதே எடையில் இந்தச் சிக்கல்கள் இல்லாதவருக்குச் சொந்த ஊரிலேயே, சில குறைந்தபட்ச வசதிகளோடு செய்யலாம். அந்தக் குறைந்தபட்சத்தில் முதலிடம் கேப்னோகிராஃப் என்ற கருவிக்கு. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு வருகிறதா என்பதை ஒவ்வொரு மூச்சிலும் அது காட்டும். குழாய் மூச்சுக்குழாய்க்குப் பதில் தவறி உணவுக்குழாய்க்குள் போய்விட்டால் உடனே தெரிந்துவிடும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் அதைத் தாமதமாகத்தான் சொல்லும். பிரிட்டனின் அதே தணிக்கையில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நேர்ந்த மூச்சுப் பாதை மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேலானவற்றுக்கு இக்கருவியைப் பயன்படுத்தாதது காரணமாக இருந்திருக்கலாம் என்று கண்டறியப்பட்டது.

சிறு மருத்துவமனைகள் இந்தச் செலவைத் தனியே தாங்க வேண்டும் என்று உத்தரவு மட்டும் போடுவதில் பயன் குறைவு. ஏற்கெனவே கட்டணப் போட்டியிலும் காப்பீட்டுத் தொகை நிலுவையிலும் சிரமப்படும் இடங்கள் அவற்றுள் பல. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்கீழ் 2018இல் வந்த விதிகளும் இருக்கின்றன. அவற்றின் வழியே, முழு மயக்கம் கொடுக்கும் ஒவ்வோர் அரங்கிலும் கேப்னோகிராஃப் இருக்க வேண்டும் என்பதைக் கால அவகாசத்தோடு நடைமுறைக்குக் கொண்டுவரலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் தனியார் காப்பீடுகளிலும், மிகைப் பருமனான நோயாளிக்கான கூடுதல் தயாரிப்புக்கும் ஓரிரவுக் கண்காணிப்புக்கும் ஒரு தொகை சேர்க்கலாம். ஒரே ஊரில் உள்ள நான்கைந்து சிறு மருத்துவமனைகள் சேர்ந்து ஒரு வீடியோ லாரிங்கோஸ்கோப் வாங்கி முறைவைத்துப் பயன்படுத்துவதும் நடக்கக்கூடியதே. மயக்கவியல் மருத்துவர்களில் பலர் ஒரு நாளில் மூன்று நான்கு மருத்துவமனைகளுக்குப் போய் வருபவர்கள். கருவி அவர்களோடு பயணிக்க முடியும்.

“முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்” என்பது இன்னொரு சர்ச்சை. அவசரமில்லாத மூட்டு மாற்று சிகிச்சை போன்றவற்றில் இந்த ஆலோசனைக்கு இடமிருக்கிறது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் இரண்டு மூன்று வாரம் குறைந்த கலோரி உணவு உட்கொண்டால் கல்லீரல் சுருங்கி, அறுவை எளிதாகிறது என்பதும் உண்மை. ஆனால் குடல்வால் அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் காத்திருக்க நேரமில்லை. மூட்டு வலியால் நடக்கவே முடியாதவரிடம் நடந்து எடையைக் குறைக்கச் சொல்வதும் அவ்வளவு எளிதன்று. காத்திருக்க முடிந்தவருக்கு ஆலோசனையோடு உணவியல் வல்லுநரின் உதவியும் குறித்த காலமும் கொடுக்க வேண்டும். காத்திருக்க முடியாதவருக்கு இருக்கும் உடலோடு பாதுகாப்பாகச் செய்வதற்கான திட்டம் வேண்டும். இதில் எந்த நிலையிலும் கேலிக்கோ கடிந்துகொள்வதற்கோ இடமில்லை என்பதை மருத்துவமனை ஊழியர் ஒவ்வொருவரும் ஏற்பார்கள் என்றே நம்புகிறோம்.

நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உள்ள பங்கு சிறிதன்று. “அனஸ்தீசியா ஃபிட்னஸ்” வாங்குவது என்பதை ஒரு கையெழுத்து வாங்கும் சடங்காகப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அந்தச் சந்திப்பில் சொல்லப்படும் உண்மைதான் மருத்துவரின் திட்டத்துக்கு அடித்தளம். குறட்டை விடுவதைச் சொல்லப் பலர் கூச்சப்படுகிறார்கள். இரவில் குறட்டைக்கிடையே மூச்சு நின்று நின்று வருவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிழுவது ஆகியவை உறக்கத்தில் மூச்சுத் தடை இருப்பதன் அடையாளங்கள். இதைக் கண்டறிய, டொரண்டோவில் ஃப்ரான்சஸ் சங் குழுவினர் 2008இல் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வகுத்தனர். குறட்டை, பகல் களைப்பு, இரத்த அழுத்தம், கழுத்தளவு போன்றவை அதில் உள்ளன. அவற்றில் ஒரு கேள்வி, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாரேனும் பார்த்திருக்கிறார்களா என்பது. அதற்கு நோயாளியால் பதில் சொல்ல முடியாது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியோ கணவனோதான் சொல்ல முடியும். ஆகவே மயக்கவியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவர்களும் உடன் போவது நல்லது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு விவரத்தையும் மறைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் எடைக் குறைப்புக்கும் நீரிழிவுக்கும் இங்கு இப்போது பரவலாகி வருகின்றன. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. வழக்கமான ஆறு மணி நேரப் பட்டினிக்குப் பிறகும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023இல் ஊசியை ஒரு வாரம் நிறுத்தச் சொன்னது. 2024இல் வேறு சில சங்கங்களோடு சேர்ந்து, பலர் தொடரலாம், வாந்தி போன்ற தொல்லை உள்ளவர்களுக்கு முந்தைய நாள் முழுதும் திரவ உணவு போன்ற முன்னெச்சரிக்கை வேண்டும் என்று நிலைப்பாட்டைத் தளர்த்தியது. எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஊசி போடுவது அவருக்குத் தெரிந்தால்தானே அவர் முடிவு செய்ய முடியும்? ஊருக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்பவர்கள்கூட, இவரிடம் மட்டும் மறைக்க வேண்டாம்.

அறுவை முடிந்துவிட்டது என்றால் ஆபத்து முடிந்துவிட்டது என்று உறவினர்கள் பெருமூச்சு விடுவது இயல்பு. பிரிட்டன் தணிக்கையில் விபத்துகளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, குழாயை எடுக்கும்போதும் மயக்கம் தெளியும் அறையிலும் நேர்ந்தவை. மயக்கம் அரைகுறையாகத் தெளிந்த நிலையில், வலி மருந்தின் தூக்கமும் சேர்ந்தால், உறக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவரின் தொண்டை மீண்டும் அடைபடலாம். தூக்கத்தில் மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவியை வீட்டில் பயன்படுத்துபவர் அதை மருத்துவமனைக்கே எடுத்து வர வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தியே வைக்க வேண்டும். அன்றிரவு வார்டில் ஒரு செவிலியருக்கு எத்தனை படுக்கைகள் என்பதும் மூச்சுப் பாதைப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

செவிலியரைப் பற்றிப் பேசும்போது இங்கிலாந்தில் 2005இல் நடந்த ஒரு நிகழ்வைச் சொல்லத் தோன்றுகிறது. அது பருமன் சார்ந்த நிகழ்வன்று. விமானி மார்ட்டின் ப்ராமிலியின் மனைவிக்கு ஒரு சாதாரண சைனஸ் அறுவைக்காக மயக்கம் கொடுத்தபோது மூச்சுப் பாதை கிடைக்கவில்லை. அனுபவம் மிக்க மருத்துவர்கள் குழாய் போடுவதிலேயே மூழ்கியிருந்தார்கள். கழுத்தில் துளையிடுவதற்கான கருவிகளை ஒரு செவிலியர் கொண்டுவந்து நிறுத்தியும், அது அவர்கள் கவனத்தில் ஏறவில்லை. ப்ராமிலியின் மனைவி இறந்தார். ப்ராமிலி யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. விமானத் துறையில் விபத்துகளை ஆராய்வதைப் போல இதையும் ஆராயுங்கள் என்று கேட்டார். 2007இல் அதற்கென ஓர் அமைப்பையும் தொடங்கினார். அரங்கில் இளையவர் குரலெழுப்பினால் மூத்தவர் காதுகொடுக்க வேண்டும் என்ற பாடம் இன்று பல நாடுகளின் பயிற்சியில் இடம்பெற்றிருப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மூத்தவர்களை எதிர்த்துப் பேசாத பண்பில் வளர்ந்த நமக்கு இந்தப் பாடம் இன்னும் தேவை. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்கம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளுள் மூச்சுப் பாதை கடினமாக இருக்குமா என்பதும் ஒன்று. அக்கேள்வியை உரத்துக் கேட்கும் பொறுப்பைச் செவிலியரிடமே கொடுத்துவிட்டால், பேசுவதற்கான உரிமை அவருக்குத் தானாக வந்துசேரும்.

ப்ராமிலி கேட்டதைப் போன்ற விசாரணை நம்மிடம் சாத்தியமா? இங்குதான் கருத்து வேறுபாடு கூர்மையாகிறது. குடும்பத்தில் ஒருவரை இழந்தவர்கள் உண்மையை அறியக் கேட்பது உரிமை. கட்டணம் பெறும் மருத்துவச் சேவையை 1995இல் உச்ச நீதிமன்றம் நுகர்வோர் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது அந்த உரிமையை உறுதிசெய்யவே. மருத்துவர்களோ, உண்மையைச் சொன்னால் அதுவே நீதிமன்றத்தில் ஆயுதமாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். கடும் அலட்சியம் இருந்தால் மட்டுமே குற்றவியல் வழக்கு என்று 2005இல் அதே நீதிமன்றம் வரையறுத்தது. மருத்துவமனைகள்மீதான வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு 2008இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆனாலும் அச்சம் தீரவில்லை. அச்சம் உள்ள இடத்தில் தவறுகள் மறைக்கப்படுகின்றன. அடுத்த ஊரில் அதே தவறு மீண்டும் நடக்கிறது.

இதற்கு வழி வெளிநாட்டில் மட்டும் இல்லை. பிரசவ மரணங்களை ஒவ்வொன்றாகத் தணிக்கை செய்யும் வழக்கத்தை 1990களிலேயே தொடங்கிய மாநிலம் தமிழ்நாடு. பக்கத்தில் கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு, 2004 முதல் பெயர்களை நீக்கி இரகசியமாக ஆராய்ந்து, பாடங்களை மட்டும் வெளியிட்டு வருகிறது. தாய்மார்களுக்காகச் செய்ததை மயக்கத்தில் மூச்சு தடைபட்டவர்களுக்காகவும் செய்யலாம். குடும்பத்துக்கு நடந்ததை மருத்துவமனை நேரடியாக விளக்கட்டும். இழப்பீட்டுக்கான உரிமை அப்படியே இருக்கட்டும். அதோடு, பெயரில்லாத ஒரு பிரதி மாநில அளவிலான நிபுணர் குழுவுக்குப் போகட்டும். விபத்தில் முடியாமல் நூலிழையில் தப்பியவையும் அதில் சேரட்டும், ஏனெனில் அவற்றைச் சொல்ல யாரும் அஞ்சத் தேவையில்லை.

அரசு மருத்துவக் கல்லூரிகளின் மயக்கவியல் துறைகளில் இதை முதலில் தொடங்குவது எளிது. தனியார் மருத்துவமனைகளின் சங்கங்களும் மயக்கவியல் மருத்துவர்களின் மாநிலக் கிளையும் விரும்பிச் சேர முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாருக்கேனும் அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கப்பட்டிருந்தால், அதற்கு முந்தைய நாளுக்குள் மயக்கவியல் மருத்துவரைச் சந்திக்க நேரம் கேளுங்கள். எடை, குறட்டை, ஊசி, முன்பு மயக்கத்தில் நேர்ந்த சிரமம் என எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் தள்ளிப்போடச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள், காரணம் புரிந்தால் தள்ளிப்போடுங்கள். குழாய் போடுவதில் சிரமம் இருந்ததாகச் சொன்னால், அதை ஒரு தாளில் எழுதி வாங்கி, ஆதார் அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கு அது தேவைப்படும்.